கிரெடிட் என்பது கடன்தான்: கல்லூரி மணிக்கணக்கு பற்றி ஒரு சிந்தனை



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதும் பெற்றோர் பலர் விண்ணப்பப் படிவத்தோடும் சான்றிதழ் நகல்களோடும் பங்கு இல்லத்தின் வாசலுக்கு வருவது நமக்குப் பழக்கமான காட்சி. எந்தப் பாடம் எடுக்கலாம், எந்தக் கல்லூரி நல்லது, கட்டணத்துக்கு என்ன வழி என்பவைதான் அவர்களுடைய வழக்கமான கேள்விகள். அண்மையில் ஒரு தந்தை வேறொரு கேள்வியோடு வந்தார். கட்டட வேலை செய்பவர். கல்லூரியில் படிக்கும் மகளின் முதல் பருவ மதிப்பெண் பட்டியலை நம்மிடம் நீட்டினார். "சாமி, ஒவ்வொரு பாடத்துக்கு நேராவும் கிரெடிட் 4, கிரெடிட் 3னு போட்டிருக்காங்க. ஃபீஸ் எல்லாம் கட்டியாச்சே, இன்னும் என்ன கடன் பாக்கி?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற மகள் சிரித்துவிட்டாள். நமக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தபோது, அவர் சரியான சொல்லைத்தான் பிடித்திருக்கிறார் என்று தோன்றியது. கிரெடிட் என்பது ஒரு கடன்தான். அந்தக் கடனைத் தீர்க்க வேண்டியவர் யார் என்பதில் மட்டுமே அவர் தடுமாறினார். பெரும்பகுதி அவர் தர வேண்டியதல்ல. அவருடைய மகளுக்குக் கல்லூரி தர வேண்டியது. இதை நம் பெற்றோரும் மாணவரும் புரிந்துகொள்வது இன்று மிகவும் தேவையாக இருக்கிறது.

ஒரு கிரெடிட் என்றால் எத்தனை மணி நேரம்?

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2022 டிசம்பரில் இளங்கலைப் படிப்புகளுக்கான புதிய பாடத்திட்ட, கிரெடிட் வரைவை வெளியிட்டது. அதன்படி வகுப்பறைப் பாடத்தில் ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு 1 மணி நேரம் வீதம் 15 வாரங்களுக்கு 15 மணி நேரக் கற்பித்தல். ஆய்வகம், களப்பணி, பயிற்சி போன்றவற்றில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். ஆக, மதிப்பெண் பட்டியலில் ஒரு பாடத்துக்கு நேராக 4 என்று இருந்தால், ஆசிரியர் அந்தப் பருவத்தில் 60 மணி நேரம் வகுப்பு எடுத்திருக்கிறார் என்று பொருள். எடுத்திருக்க வேண்டும் என்று சொல்வதே சரி. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட் என்பது கணக்கு.

அடுத்து 2023 ஏப்ரலில் தேசிய கிரெடிட் கட்டமைப்பு வந்தது. அது வேறு விதமாகக் கணக்குப் போடுகிறது. ஆண்டுக்கு 1,200 மணி நேரக் கற்றல், அதற்கு 40 கிரெடிட். அதாவது ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். ஆனால் இந்த 30 மணி நேரமும் வகுப்பறையில் நடப்பதல்ல. மாணவர் தானாகப் படிப்பது, குறிப்பெடுப்பது, கட்டுரை எழுதுவது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் இதற்குள் அடங்கும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். வகுப்புப் பாடத்தின் ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் இரண்டு பாதிகள் உண்டு. ஆசிரியர் முன்னிலையில் 15 மணி நேரம். மாணவர் தனியே உழைக்கும் 15 மணி நேரம். ஒரு பருவத்துக்கு 20 கிரெடிட் என்றால் வாரத்துக்கு 20 மணி நேரம் வகுப்பு, 20 மணி நேரம் சொந்தப் படிப்பு, ஆக மொத்தம் 40 மணி நேரம். ஓர் அலுவலக ஊழியர் வாரம் முழுவதும் பார்க்கும் வேலைக்குக் குறையாத உழைப்பு இது. கல்லூரி மாணவர் என்றால் மதியத்துக்கு மேல் ஓய்வாக இருப்பவர் என்று நினைக்கும் வீடுகள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லைக்கோட்டின் இரு புறமும்

நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம் புதுச்சேரியிலும் பரவியிருக்கிறது, தமிழ்நாட்டின் கடலூர், விழுப்புரம் பகுதிகளிலும் பரவியிருக்கிறது. அண்ணன் மகள் புதுச்சேரிக் கல்லூரியிலும் தம்பி மகன் விழுப்புரத்திலோ கடலூரிலோ படிக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். இரண்டு பிள்ளைகளும் ஒரே பெயருள்ள பட்டத்தைப் பெறுவார்கள். ஆனால் அந்தப் பட்டத்துக்குள் இருக்கும் மணி நேரம் ஒன்றல்ல.

புதுச்சேரிக் கல்லூரிகள், 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ ஒட்டிய பாடத்திட்டம் 2023-24 கல்வியாண்டில் இங்கு நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. அங்கே மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட். மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள், நாளுக்கு 5 மணி நேரம், ஆக 450 மணி நேரம் என்று வகுத்திருக்கிறது. ஆறு பருவங்களுக்கும் சேர்த்து 2,700 மணி நேரம்.

யு.ஜி.சி.யின் 120 கிரெடிட்டையும் முழுக்க வகுப்புப் பாடங்களாகவே எடுத்துக்கொண்டால் 1,800 மணி நேரம்தான் வருகிறது. ஆய்வகப் பாடங்கள் உள்ள அறிவியல் படிப்புகளில் இது கூடும். ஆனாலும் கலைப் பாடம் படிக்கும் ஒரு மாணவருக்கு ஏறத்தாழ 900 மணி நேர வித்தியாசம்.

இந்த வித்தியாசம் எங்கே மிகக் கூர்மையாகத் தெரிகிறது என்று பார்த்தால், அது மொழிப் பாடத்தில். தமிழ்நாட்டில் பெரும்பாலான இளங்கலைப் படிப்புகளில் பகுதி ஒன்று தமிழுக்கு வாரம் 6 மணி நேரம், பகுதி இரண்டு ஆங்கிலத்துக்கு வாரம் 6 மணி நேரம், நான்கு பருவங்களுக்கு. ஒவ்வொரு மொழிக்கும் 360 மணி நேரம் கிடைக்கிறது. யு.ஜி.சி. வரைவிலோ இந்திய மொழி, ஆங்கிலம் இரண்டும் அடங்கிய திறன் மேம்பாட்டுப் பாடங்களுக்கு மூன்றாண்டுக்கும் சேர்த்துக் குறைந்தபட்ச அளவு 8 கிரெடிட், அதாவது 120 மணி நேரம். தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதக் கற்றுத்தரும் ஒரே இடம் கல்லூரி வகுப்புதான். அவருக்கு இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல.

தமிழ்நாட்டு முறையிலும் ஒரு முரண் உண்டு. வாரம் 6 மணி நேரம் நடக்கும் தமிழுக்கு அங்கே 3 கிரெடிட்தான். 5 மணி நேரம் நடக்கும் முதன்மைப் பாடத்துக்கு 5 கிரெடிட் வரை தரப்படுகிறது. மணி நேரத்தைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு மதிப்பில் பாதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். எது முக்கியம், எது முக்கியமில்லை என்பதைப் பிள்ளைகள் இப்படிப்பட்ட எண்களிலிருந்தும் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

பென்ஷனில் பிறந்த அளவுகோல்

படிப்பை மணிக்கணக்கில் அளக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? இதன் மூலம் சற்று வேடிக்கையானது. அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1905இல் கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக 1 கோடி டாலர் கொடுத்தார். பென்ஷன் என்றால் என்ன, அதைப் பெற எத்தனை தாள்கள் காட்ட வேண்டும் என்று புதுச்சேரி சொல்தா குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கும் அதே கேள்விதான் எழுந்தது. எது உண்மையான கல்லூரி, யார் உண்மையான பேராசிரியர்? உயர்நிலைப் பள்ளியில் குறைந்தது 14 அலகுகள் படித்து முடித்தவர்களையே சேர்க்கும் நிறுவனம்தான் கல்லூரி என்று கார்னகி அறக்கட்டளை வரையறுத்தது. ஓர் அலகு என்பது ஒரு பாடத்தில் 120 மணி நேரம். ஓய்வூதியத்துக்காகப் பள்ளிகளும் கல்லூரிகளும் மணிக்கணக்குக்கு மாறின. ஆசிரியரின் முதுமைக்காக வந்த அளவுகோல் மாணவரின் அறிவை அளக்கும் அளவுகோலாக நிலைத்துவிட்டது.

நூறாண்டுக்குப் பிறகு அமெரிக்க அரசு அதைச் சட்டமாக எழுத வேண்டிவந்தது. குறைந்த வாரங்களில் அளவுக்கு மீறிய கிரெடிட்டை வழங்கி, அரசின் மாணவர் உதவித் தொகையைச் சில கல்லூரிகள் கறந்தன. ஆகவே 2010இல் அந்நாட்டுக் கல்வித் துறை ஒரு வரையறை வெளியிட்டது. ஒரு கிரெடிட் என்றால் சுமார் 15 வாரங்களுக்கு வாரம் 1 மணி நேர வகுப்பு, அதோடு குறைந்தது 2 மணி நேரம் வகுப்புக்கு வெளியே உழைப்பு. மணி நேரத்தை வரையறுக்காமல் விட்டால் அது பணமாக மாறிவிடும் என்பதே அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

பிரான்சில் பேரப்பிள்ளைகள் படிக்கும் புதுச்சேரிக் குடும்பங்கள் இன்னொரு கணக்கை அறிவார்கள். ஐரோப்பியக் கிரெடிட் முறை 1989இல் தொடங்கியது. ஆண்டுக்கு 60 கிரெடிட், மூன்றாண்டு லிசான்ஸ் பட்டத்துக்கு 180. ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். அது ஆசிரியர் பேசிய நேரம் அல்ல. மாணவர் உழைத்த மொத்த நேரம். லிசான்ஸ் படிப்பில் மூன்றாண்டுக்கும் சேர்த்துக் குறைந்தபட்ச வகுப்பு நேரம் 1,500 மணிதான். நம் யு.ஜி.சி. கணக்கைவிடவும் குறைவு.

அப்படியானால் வகுப்பு நேரத்தைக் குறைப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பிரெஞ்சு மாணவருக்கு அந்த மற்ற நேரத்தைச் செலவிட ஓர் இடம் இருக்கிறது. பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது, மலிவு விலை மாணவர் உணவகம் இருக்கிறது, விடுதி இருக்கிறது, குடும்ப வருமானம் பார்த்து மாதாமாதம் வரும் உதவித்தொகை இருக்கிறது. வகுப்பு நேரத்தைக் குறைக்கும் யோசனை கடல் கடந்து வந்துவிட்டது. அதைத் தாங்கி நிற்கும் இந்த ஏற்பாடுகள் இன்னும் கப்பல் ஏறவில்லை.

மற்றப் பாதி யாரிடம் இருக்கிறது?

நம் பங்கு இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். பாகூரிலிருந்தும் திருக்கனூரிலிருந்தும் நெட்டப்பாக்கத்திலிருந்தும் பேருந்து பிடித்து லாஸ்பேட்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். போக வர இரண்டு மூன்று மணி நேரம் சாலையிலேயே கழிகிறது. மாலையில் நேரு வீதி ஜவுளிக் கடைகளில் நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு என்றால் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு உணவகங்களில் பரிமாறுகிறவர்களும், முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபப் பந்திக்குப் போகிறவர்களும், இரவில் வண்டியெடுத்து வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களும் இவர்களே. பெண் பிள்ளைகளுக்கோ வீடு திரும்பியதும் தண்ணீர் பிடிப்பது, சமையல், தம்பி தங்கையின் வீட்டுப்பாடம் என்று இன்னொரு பருவம் தொடங்குகிறது. ஒரே அறை, ஒரே விளக்கு, எப்போதும் ஓடும் தொலைக்காட்சி.

இவர்களிடம் வாரத்துக்கு 20 மணி நேரம் தனியே படி என்று சொல்கிறது புதிய கட்டமைப்பு. சொல்வது தவறில்லை. ஆனால் அந்த 20 மணி நேரம் எல்லா வீட்டிலும் சமமாக இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனி அறையும் மேசையும் இணைய வசதியும் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு படித்த பெற்றோரும் உண்டு. மற்றவருக்கு இதில் எதுவும் இல்லை. கட்டட வேலைக்காரர் மகளும் வங்கி மேலாளர் மகளும் உண்மையிலேயே சமமாகப் பெறுவது வகுப்பறையின் அந்த 15 மணி நேரம் மட்டும்தான். ஒரே ஆசிரியர், ஒரே கரும்பலகை, ஒரே பெஞ்சு. ஆகவேதான் வகுப்பு நேரம் குறையும்போதெல்லாம் ஏழைப் பிள்ளையின் பங்கே முதலில் குறைகிறது என்று சொல்கிறோம்.

இதை நாம் ஏற்கனவே ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டு வகுப்புகள் கைப்பேசிக்குள் போனபோது, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகளை நாம் மறக்கவில்லை. கிரெடிட் எல்லாருக்கும் கிடைத்தது. பாடம் எல்லாருக்கும் கிடைத்ததா?

கல்லூரியின் பாதி கிடைக்கிறதா?

மாணவரின் பாதியைப் பற்றிப் பேசினோம். கல்லூரி தர வேண்டிய பாதியையும் பார்க்க வேண்டும். யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதிகள் ஆண்டுக்கு 30 வேலை வாரங்கள், 180 கற்பித்தல் நாட்கள் என்கின்றன. உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரமும் இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் 14 மணி நேரமும் நேரடியாகக் கற்பிக்க வேண்டும்.

தாளில் இருக்கும் இந்த 15 வாரங்கள் புதுச்சேரியின் வானத்தையும் நாட்காட்டியையும் சந்திக்கும்போது என்ன ஆகிறது? முதல் பருவத்தின் பின்பகுதி சரியாக வடகிழக்குப் பருவமழையில் விழுகிறது. 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. வீதிகளில் படகு ஓடியது, கல்லூரிகள் மூடிக் கிடந்தன. அதோடு ஆயுத பூசை, தீபாவளி, தேர்தல் பணி, உள் தேர்வுகள், ஆண்டு விழா. சேர்க்கைக் கலந்தாய்வு நீண்டுபோகும் ஆண்டுகளில் முதலாண்டு மாணவர் கல்லூரிக்குள் நுழையும்போதே பருவத்தின் முன்பகுதி கரைந்திருக்கும். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் கௌரவ விரிவுரையாளர் வரும்வரை அந்த வகுப்பில் மணி மட்டும் அடிக்கும். அவர்களுக்கும் நீதி தேவை. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு உச்சமாக 50,000 ரூபாய் என்று யு.ஜி.சி. 2019இல் நிர்ணயித்தது. அந்தத் தொகையைக் கையில் வாங்கும் விரிவுரையாளரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு பருவத்தில் மூன்று வாரங்கள் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். 4 கிரெடிட் பாடத்தின் 60 மணி நேரத்தில் 12 மணி நேரம் போய்விட்டது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. மதிப்பெண் பட்டியலில் 4 என்பது 3.2 ஆக மாறுமா? மாறாது. கடைக்காரர் எடை குறைத்துக் கொடுத்தால் நாம் சண்டை போடுகிறோம். இங்கே எடை குறைந்ததே நமக்குத் தெரிவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாணவரின் வருகைப்பதிவு பொதுவாக 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வு எழுத முடியாது. சற்றே குறைந்தவர் அபராதம் கட்டி, மருத்துவச் சான்று வைத்து, துறைத் தலைவரிடம் கெஞ்சி அனுமதி பெற வேண்டும். ஆனால் அந்த 75 விழுக்காடு எதில்? நடந்த வகுப்புகளில். நடக்க வேண்டிய வகுப்புகளில் எத்தனை விழுக்காடு நடந்தது என்பதற்கு வருகைப்பதிவேடு இல்லை. மாணவர் வராவிட்டால் அபராதம். வகுப்பே வராவிட்டால் யார் கட்டுவது?

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் 'டே ஆர்டர்' முறையைப் பாராட்டியே ஆக வேண்டும். அங்கே கால அட்டவணை திங்கள், செவ்வாய் என்று ஓடாமல் முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறாம் நாள் வரை ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை விட்டால் இரண்டாம் நாள் பாடங்கள் புதன்கிழமைக்கு நகர்கின்றன. எந்தப் பாடத்தின் மணி நேரமும் விடுமுறைக்கு இரையாவதில்லை. எவரோ ஒரு நேர்மையான முதல்வர் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து கண்டுபிடித்ததுபோல் தோன்றும் எளிய ஏற்பாடு அது.

மணி மட்டும் போதுமா?

மணிக்கணக்கே கல்வி என்று நாம் சொல்லவில்லை. ஐந்து மணி நேரமும் ஆசிரியர் பழைய குறிப்பைப் படிக்க, மாணவர் அதை எழுத, கடைசியில் நகல் கடையில் முடிகிற கல்வியையும் நாம் அறிவோம். 2,700 மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாமல் வெளியே வருகிறவர்களும் உண்டு. திறமையை அளக்க வேண்டும், இருக்கையை அளக்கக் கூடாது என்று வாதிடுகிறவர்களிடம் உண்மை இருக்கிறது. புதிய முறையிலும் நல்லவை உண்டு. வறுமையாலோ நோயாலோ படிப்பை நிறுத்தியவர் தாம் பெற்ற கிரெடிட்டுகளை, 2021இல் தொடங்கிய கல்விக் கிரெடிட் வங்கியில் ஏழு ஆண்டு வரை வைத்திருந்து திரும்பி வரலாம். முன்பெல்லாம் இரண்டாம் ஆண்டில் நின்றுபோனவர் கையில் ஒன்றும் இருக்காது.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். சுவயம் தளத்தின் இணையவழிப் பாடங்களிலிருந்து ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ள யு.ஜி.சி. 2021இல் அனுமதித்தது. நல்ல ஆசிரியரின் பாடத்தைக் கூடுதலாகக் கேட்பதற்கு அது அருமையான வாய்ப்பு. காலிப் பணியிடத்தை நிரப்பாமல் தப்பிப்பதற்கு அதைப் பயன்படுத்தினால் அது வாய்ப்பல்ல, கைகழுவல். அதேபோல ஓராண்டில் 40 கிரெடிட்டும் ஒரு தொழிற்பாடமும் முடித்தால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம் என்ற கதவுகள் திறந்திருக்கின்றன. உள்ளே வரத் திறந்த கதவு எது, வெளியே அனுப்பத் திறந்த கதவு எது என்பதைப் பெற்றோர் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு சான்றிதழோடு முதலாண்டிலேயே வேலைக்குப் போய்விடும் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவதாக, கேட்கக் கற்றுக்கொள்வோம். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போகும்போது பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். இந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் நடந்திருக்க வேண்டும், இதுவரை எத்தனை நடந்தது என்று மரியாதையோடு கேளுங்கள். ஒவ்வொரு கல்லூரியும் மாதக் கடைசியில் பாடவாரியாக நடந்த வகுப்புகளின் எண்ணிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு தாளும் நான்கு குண்டூசியும் போதும். நம் திருச்சபை நடத்தும் கல்லூரிகள் யாரும் கேட்பதற்கு முன்பே இதைத் தொடங்கினால் அது நல்ல முன்மாதிரியாக இருக்கும். ஊருக்குச் சொல்லும் உபதேசம் நம் வீட்டிலிருந்து தொடங்கட்டும்.

இரண்டாவதாக, இழந்த மணி நேரத்தை ஈடுசெய்யும் வழியைப் பல்கலைக்கழகம் நாட்காட்டியிலேயே எழுதி வைக்கலாம். மழையும் புயலும் புதுச்சேரிக்குப் புதிய விருந்தாளிகள் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் வரும் என்று தெரிந்த ஒன்றை எதிர்பாராதது என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாவதாக, மற்றப் பாதிக்கு இடம் கொடுப்போம். 1827இல் தோன்றிய ரோமன் ரோலண்ட் நூலகம் நம் நகரின் பெருமை. அதைப்போன்ற வாசிப்பிடங்கள் கொம்யூன்தோறும், வேலை முடிந்து வரும் மாணவருக்கும் பயன்படும் நேரத்தில் திறந்திருக்க வேண்டும் என்று அரசைக் கேட்போம். அதுவரை நம் பங்கு மண்டபங்கள் இருக்கின்றன. திருமணத்துக்கும் கூட்டத்துக்கும் போக, மாலை நேரங்களில் பல மண்டபங்கள் பூட்டியே கிடக்கின்றன. ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, பத்து மேசை, குடிக்கத் தண்ணீர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்தால் போதும். எந்த மதத்துப் பிள்ளை வந்தாலும் கதவு திறக்கட்டும்.

நான்காவதாக, மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கல்லூரியின் கடனைக் கேட்கும் உரிமை, தன் பாதியைச் செலுத்துகிறவருக்கே முழுமையாக உண்டு. நடக்கும் வகுப்பை விட்டுவிட்டுத் தேநீர்க் கடையில் நிற்பவர், நடக்காத வகுப்பைப் பற்றி எப்படிப் பேச முடியும்?

மணி நேரத்தின் மதிப்பு

மணி நேரத்தின் மதிப்பைப் புதுச்சேரிக்கு வெளியார் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. ஆலைச் சங்கொலி கேட்டு ஊரே நேரம் பார்த்த காலம் ஒன்று இருந்தது. பொழுது விடிந்து பொழுது சாயும்வரை உழைத்த பஞ்சாலைத் தொழிலாளர்கள், வ. சுப்பையா போன்றோரின் தலைமையில் உரிமை கேட்டு எழுந்தார்கள். 1936 ஜூலை 30ஆம் நாள் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தப் போராட்டத்தின் பயனாக 8 மணி நேர வேலைநாள் பிரெஞ்சிந்தியாவில் சட்டமானது. இன்று அந்த ஆலைகளின் சங்கு ஒலிப்பதில்லை. ஏ.எஃப்.டி. ஆலையும் 2020இல் மூடப்பட்டுவிட்டது. ஆலைக்குள் போயிருக்கக்கூடிய பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். அன்று தாத்தாக்கள் எட்டு மணி நேரத்துக்கு மேல் எங்களிடமிருந்து எடுக்காதே என்றார்கள். இன்று பேரப்பிள்ளைகள், எங்களுக்கு உரிய பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் கொடு என்று கேட்பதில் என்ன தவறு இருக்கிறது?

அந்தத் தந்தையை மறுபடியும் பார்த்தபோது நாம் விளக்கிச் சொன்னோம். அவர் பட்டியலை வாங்கி, விரல்விட்டு எண்களைக் கூட்டி, பதினைந்தால் பெருக்கச் சொல்லி மகளிடம் கொடுத்தார். விடை வந்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ இத்தனை மணி நேரம் நடந்துச்சா பாப்பா?" என்று கேட்டார். இந்த முறை மகள் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்வியை நாம் எல்லாரும் கேட்கத் தொடங்குவோம்.